பதிவேட்டில் 'தரிசு', பாதத்தின் கீழ் நீர்

பள்ளிக்கரணை

நிலப் பாதுகாப்புப் பணியில் என் முதல் ஆண்டின் பெரும்பகுதி சதுப்பு நிலத்தில் அல்ல, ஒரு வட்டாட்சியர் அலுவலகத்து மரப்பெஞ்சில்தான் கழிந்தது. புல எண் வாரியாக நிலத்தின் வகையைக் குறிக்கும் வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டின் நகலைப் பெற்று, புல வரைபடத்தோடு எண் எண்ணாக ஒப்பிடுவது எனக்கு இட்ட வேலை. கார்த்திகையில் முழங்காலுக்கு மேல் நீர் நிற்கும் புலங்கள் சில, அதில் 'தரிசு' என்றே எழுதப்பட்டிருந்தன. தீர்வை தராத நிலத்தையெல்லாம் வீண் என்று கணக்கிட்ட காலத்தின் சொல் அது. அந்தச் சொல் இருக்கும்வரை குப்பை கொட்டவோ கட்டடம் எழுப்பவோ நிலத்தை ஒதுக்குகிறவருக்கு மனம் உறுத்துவதில்லை.

முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைகிறது. இதை நான் வரைபடத்தில் படித்திருந்தேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னை ஒரு பனையடிக்கு அழைத்துப்போய், "இதுக்கு அந்தாண்ட ஏரித் தண்ணி, இந்தாண்ட உப்புத் தண்ணி, நடுவுல நம்ம மாடு" என்றார். நான் அறிக்கையில் சேர்த்த அந்த வாக்கியத்தை, மேய்ப்பர் சொல் சான்றாகாது என்று மேலாளர் அடித்துவிட்டார். அடுத்த மழையில் அதே பனையடியில் நீர்மட்டத்தை அளந்து, படமெடுத்து, புல எண்ணோடு இணைத்தேன். அதை அவர் அடிக்கவில்லை.

2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது 317 ஹெக்டேர். 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது ஏறத்தாழ 1,247 ஹெக்டேர். அந்தப் பரப்பு தரையில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் புல எண் வாரியாக நிறுவுவதில்தான் இப்போது என் நாள்கள் போகின்றன. கொள்கை வகுப்பு என்று வெளியே சொல்லப்படுவதில் பாதி இந்த எல்லைக்கல் வேலைதான் என்பேன்.

கழுவேலி, விழுப்புரம் மாவட்டம்

மேலே பள்ளிக்கரணைக் குறிப்பை எழுதியவர் சந்தித்த பெரியவரைப் போல ஒருவரை நானும் சந்தித்தேன். ஆனால் அவர் என்மீது கோபத்தில் இருந்தார். 2021இல் கழுவேலி ஈரநிலம் பறவைகள் சரணாலயமான பிறகு, கரையோர ஊரொன்றில் அதன் பயன்களை விளக்கிக்கொண்டிருந்தேன். மீன் பிடிக்கும் ஒருவர் எழுந்து, "பறவைக்கு எழுதிக் கொடுத்துட்டீங்க தம்பி, வலைக்கு எங்க எழுதியிருக்கு?" என்றார். என் கையிலிருந்த துண்டறிக்கையில் வலை என்ற சொல்லே இல்லை. மறுவாரம் அனுப்பவேண்டிய கோரிக்கை மனுவை நிறுத்திவைத்து, எந்தெந்தப் பருவத்தில் எங்கெங்கே வலை போடுகிறார்கள் என்று அவரிடமே கேட்டு எழுதத் தொடங்கினேன்.