பாட்டியை எந்த மாறியாக எடுப்பது?

தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதி. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் 42 பேர், வயது 8 முதல் 11. கருதுகோள்: வீட்டில் தமிழ் பேசும் நேரம் கூடினால் வாசிப்பு மதிப்பெண்ணும் கூடும். சாரா மாறி (காரணமாகக் கருதுவது), வாரத்துக்கு எத்தனை மணி நேரம் (பெற்றோர் 2 வாரம் எழுதிய குறிப்பேடு). சார்ந்த மாறி (விளைவாக அளப்பது), 50 சொற்களில் சரியாக வாசித்தவை. ழ, ள குழப்பத்தைப் பிழையாக எண்ணவில்லை. பெரியவர்களுக்கே அது தகராறு.

பியர்சன் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு, -1 முதல் 1 வரை) 0.31, இருபக்கச் சோதனையில் நிகழ்தகவு (தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதைவிடவோ வலுவான ஒட்டுறவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.046. ‘வீட்டில் பாட்டி உண்டு / இல்லை’ என்பதைத் தொடர்புப்போக்கில் (ஒவ்வொரு மாறியின் விளைவையும் பிரித்துக் கணிக்கும் சமன்பாட்டில்) சேர்த்ததும் மணி நேரத்தின் விளைவு காணாமல் போகிறது. வயதையும் சேர்த்தாயிற்று, மாற்றமில்லை. எண்களைப் பார்த்தபின் கருதுகோளைத் திருத்துவது ஏமாற்று வேலை, அந்த யோசனை வேண்டாம்.

பாட்டி பேச்சு நேரத்தைக் கூட்டுகிறார், பக்கத்தில் உட்கார்ந்து நேராக வாசிக்கவும் வைக்கிறார். இவரைக் குழப்ப மாறியாக (காரணம், விளைவு இரண்டையும் பாதிப்பது) கட்டுப்படுத்துவதா, மணி நேரத்தோடு பெருக்கி மட்டுப்படுத்தும் மாறியாக (மணி நேரத்தின் விளைவைக் கூட்டவோ குறைக்கவோ செய்வது) சேர்ப்பதா?