திரில்லர் நாவல்: மறைத்த முதல் கர்ப்பம் எப்படி வெளியே வரும்?

மைக்கூடு:
உளவியல் திரில்லர், பாதி எழுதியாகிவிட்டது. நாயகி கயல், சென்னை. கல்யாணத்துக்கு முன்பே, இன்றைக்கு நாலு வருடம் முன்பு, கல்லூரிக் கடைசி வருடத்தில் ஒரு கர்ப்பம், கலைத்துவிட்டாள். கூடப் போனவள் ஹாஸ்டல் தோழி ஜெனி மட்டும். கணவன் வீட்டுக்குத் தெரியாது. இப்போது கயல் மறுபடி கர்ப்பம். ஜெனி அதே அபார்ட்மெண்டுக்குக் குடிவருகிறாள். அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறாள், கூடவே கயலைக் குழப்பவும் செய்கிறாள்.

மூன்று இடத்தில் இடிக்கிறது. டாக்டர் பரிசோதித்ததுமே "இது முதல் கர்ப்பம் இல்லையே" என்று சொல்வதாக எழுதியிருக்கிறேன், அது நடக்குமா? ஜெனி பழைய ஆஸ்பத்திரி ரெக்கார்டை எடுத்து மிரட்ட முடியுமா? மாத்திரையை மாற்றி வைக்கிறாள் என்றால் கயலுக்கு எதில் சந்தேகம் வரும்?

லேபர்வார்டு:
முதல் காட்சியை வெட்டிவிடுங்கள். சுகப்பிரசவம் ஆனவர்களுக்குக் கருப்பை வாய் வட்டமாக இல்லாமல் குறுக்குக் கோடாகத் தெரியும், தையல் தழும்பும் இருக்கலாம். சிசேரியன் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் மூன்று மாதத்தில் கலைத்த கர்ப்பம் நாலு வருடம் கழித்து உடம்பில் கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் எதையும் வைத்திருக்காது. சினிமா டாக்டர்தான் நாடி பிடித்தே சொல்வார்.

உங்களுக்கு வேண்டியது ரத்தம். கயலை ஆர்ஹெச் நெகட்டிவ் ஆக்குங்கள், நம்மூரில் நூற்றுக்குச் சுமார் 5 பேர் அப்படி. பழைய கரு பாசிட்டிவாக இருந்து, கலைத்த 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி என்கிற தடுப்பு ஊசி போடாமல் விட்டிருந்தால், அவள் உடம்பு பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கி வைத்திருக்க வாய்ப்புண்டு. அடுத்த கர்ப்பத்தில், ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கிற ஐசிடி ரத்த டெஸ்ட் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஆறு ஏழு வாரத்தில் மாத்திரை போட்டுக் கலைத்ததாக வைக்காதீர்கள், அவ்வளவு சீக்கிரத்தில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. 13, 14 வாரம் என்றால் நம்பும்படி இருக்கும்.

எந்த வாரத்தில் பாசிட்டிவ் வருகிறது என்பதில்தான் கதையே இருக்கிறது. 28-வது வாரத்தில் முதல் முறையாக வந்தால் ஒன்றும் நிரூபணமாகாது, இந்தக் கர்ப்பத்திலேயே உண்டாகியிருக்கலாம். 8-வது வாரத்திலேயே டைட்டர் (ஆன்டிபாடியின் அளவு) 1:64 என்று வந்தால், 'பிரைமி' (முதல் கர்ப்பம்) என்று எழுதிய கேஸ் ஷீட்டைப் பார்த்து டாக்டருக்குப் புருவம் உயரும். டைட்டர் 1:16 தாண்டினாலே குழந்தைக்கு ரத்தம் குறைகிறதா என்று டாப்ளர் ஸ்கேனில் பார்க்கத் தொடங்குவார்கள். மறைக்க மறைக்கக் குழந்தைக்கு ஆபத்து. இதைவிட நல்ல கயிறு திரில்லருக்குக் கிடைக்காது.

ஒழுங்கான டாக்டர் கணவன் முன்னால் கேட்க மாட்டார், அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் கேட்பார். ஆனால் கூட்டமான ஓபியில் எடை பார்க்கிற சிஸ்டர் மாமியார் பக்கத்திலேயே, "இதுக்கு முன்னாடி ஏதாச்சும் கலைஞ்சிருக்காம்மா?" என்று சத்தமாகக் கேட்பது தினமும் நடக்கிறது. அந்த ஒரு வரி போதும். கயல் டாக்டரிடம் உண்மையைச் சொன்னாலும் சிக்கல் தீராது. ஃபைலில் 'ஜி2 ஏ1' (இரண்டாவது கர்ப்பம், ஒன்று கலைந்தது) என்று ஏறிவிடும், அந்த ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பது கணவன்.

ஷரத்து5ஏ:
ரெக்கார்டு விஷயம். கருக்கலைப்புச் சட்டத்தின் விதிப்படி பெண்ணின் பெயர் அட்மிஷன் ரெஜிஸ்டரில் மட்டும்தான் இருக்கும். கேஸ் ஷீட், தியேட்டர் ரெஜிஸ்டர், ஃபாலோ-அப் கார்டு எல்லாவற்றிலும் வரிசை எண்தான். ரெஜிஸ்டர் ரகசிய ஆவணம், அந்தக் காலண்டர் வருடம் முடிந்து 5 வருடம் வைத்திருக்க வேண்டும். உங்கள் கணக்குக்கு அது இன்னும் இருக்கும். கதையை ஏழு வருடம் முன்பு என்று மாற்றினால் அழித்திருக்கலாம், கவனம். 2021 திருத்தத்தில் வந்த 5ஏ பிரிவுப்படி பெயரை வெளியிடும் டாக்டருக்கு ஒரு வருடம் வரை சிறை. ஆகவே ஜெனி கவுண்டரில் போய்க் கேட்டு வாங்கினாள் என்றால் எடுபடாது.

18 வயது நிரம்பியிருந்தால் அவள் சம்மதம் மட்டும் போதும். "கணவர் கையெழுத்து வேண்டும்", "அப்பாவைக் கூட்டி வா" என்று ஆஸ்பத்திரிகள் கேட்பது சட்டமில்லை, பழக்கம். சாட்சிக் கையெழுத்து, கார்டியன் கையெழுத்து என்று ஏதோ ஒரு தாளில் ஜெனி போட்டிருக்கலாம். அப்படியானால் மிரட்டலில் அவளும் மாட்டுவாள்.

வலுவான துருப்பு வேறு: கலைப்பதற்கு முன் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட். அதில் பெயர், வயது, தேதி, எத்தனை வாரம் எல்லாம் அச்சாகியிருக்கும். அதை ஜெனி அன்றே தன் பையில் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். படம் தெர்மல் தாள், நாலு வருடத்தில் வெளுத்துப் பழுப்பேறியிருக்கும். டைப் அடித்த தாளில் பெயர் அப்படியே நிற்கும்.

போகிற போக்கில் ஒன்று: எந்த ஸ்கேன் காட்சியிலும் "பையன்" என்று டாக்டரைச் சொல்ல வைக்காதீர்கள். 1994 சட்டப்படி குற்றம்.

கத்தரிக்கோல்:
மாத்திரைக்கு வருகிறேன். குழப்புகிற தோழி ஆபத்தான எதையும் கொடுக்க வேண்டியதில்லை, கொடுக்க வேண்டியது போகாமல் இருந்தாலே போதும். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். அரசு ஆஸ்பத்திரி மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு, 180 நாள். ஒழுங்காகப் போட்டால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராம் அளவுக்கு ஏற வேண்டும். கயலுக்கு 9.2-லேயே நிற்கிறது. டாக்டர் "மாத்திரை போடுறீங்களா இல்லையா?" என்கிறார், இவள் சத்தியம் செய்கிறாள், வீட்டில் யாரும் நம்பவில்லை. பிறகு ஒருநாள் கழிவறையில்தான் பொறி தட்டுகிறது: கறுப்பு நின்று எத்தனை நாளாயிற்று? இதை எழுத வெட்கப்படாதீர்கள், கர்ப்பிணி வாசகிகள் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அதே சமயம் ஜெனியைத் தப்பவிடவும் வழி வைக்க வேண்டும். டீயோடு போட்டாலும் கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டாலும் இரும்பு சரியாகச் சேராது, ஹீமோகுளோபின் ஏறாது. ஆகவே முன்பே ஒரு அத்தியாயத்தில் ஜெனி டீ போட்டுக் கொண்டுவந்து, "மாத்திரையைப் போட்டுட்டியாடி?" என்று கேட்கட்டும். முதல் வாசிப்பில் பாசம், இரண்டாம் வாசிப்பில் வேறு.

இன்னொன்று. கயல்தான் கதை சொல்கிறாள் என்றால் பழைய கர்ப்பத்தை அவள் வாசகரிடமும் மறைத்துவிட்டு 200-வது பக்கத்தில் தூக்கிப் போடுவது ஏமாற்று வேலை. படிவம் நிரப்பும்போது ஒரு கட்டத்தில் பேனா நிற்பது, எந்தத் தேதியிலோ வேலைக்கு லீவு போடுவது என்று கொஞ்சமாவது சிந்தியிருக்க வேண்டும்.

மைக்கூடு:
ரத்த வழி பிரமாதம். கணவன் கேட்டால் கயல் "சின்ன வயசில் ஆக்சிடெண்ட், ரத்தம் ஏத்தினாங்க" என்று சமாளிக்கலாமா? வளைகாப்புக் காட்சி எங்கே வைப்பது?

லேபர்வார்டு:
சமாளிக்கலாம். நெகட்டிவ் ஆளுக்குப் பாசிட்டிவ் ரத்தம் ஏறினாலும் இதே ஆன்டிபாடி வரும். ஆனால் குரூப் பார்த்து நெகட்டிவ்தான் கொடுப்பார்கள், ஆகவே பொய் அரைகுறையாக நிற்கும். கல்யாண ஆல்பத்தில் தழும்பு எங்கே என்று மாமியார் தேடட்டும்.

வளைகாப்பை ஏழாம் மாதத்தில் வைத்தால் 28-வது வாரத்தை ஒட்டி வரும். ஐசிடி நெகட்டிவான பெண்ணுக்கு அந்த வாரத்தில்தான் 300 மைக்ரோகிராம் ஆன்டி-டி போடுவார்கள். சில ஆயிரம் ரூபாய், ஐஸ் பாக்கில் வைத்து மெடிக்கலிலிருந்து கொண்டுவர வேண்டும். ஆன்டிபாடி ஏற்கெனவே வந்துவிட்டவளுக்கு அந்த ஊசியால் பயனில்லை, போட மாட்டார்கள். கணவன் பணத்தோடு வருகிறான், டாக்டர் "ஊசி வேண்டாம்" என்கிறார், அவனுக்குச் சந்தோஷம். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவம் என்று தாய் வீடு போகிறாள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் புது டாக்டர், புது கேஸ் ஷீட், எல்லாக் கேள்வியும் முதலிலிருந்து. சென்னை டாக்டரிடம் அவள் கெஞ்சி எழுதாமல் விட வைத்த வரியை இங்கே யாரும் விட்டுத்தர மாட்டார்கள். ஏனென்றால் முதல் கர்ப்பத்தில் ஆன்டிபாடி எப்படி வந்தது என்பதற்கு ஃபைலில் காரணம் இருக்காது.

கத்தரிக்கோல்:
அந்த ஃபைலைத் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து கொடுப்பது ஜெனியாக இருக்கட்டும்.