ஸ்பிரிண்ட் தோறும் தள்ளிப்போகும் தொழில்நுட்பக் கடன்: புராடக்ட் ஓனரிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி

எங்கள் குழுவில் ஏழு பேர். இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்றாக (ஸ்பிரிண்ட்) வேலையைத் திட்டமிட்டு முடிக்கும் முறையில் ஒரே பில்லிங் மென்பொருளை ஐந்தாண்டுகளாகப் பராமரித்து வருகிறோம். தள்ளுபடியைக் கணக்கிடும் நிரல்கோப்பு 1,800 வரிகளுக்கு வளர்ந்துவிட்டது; ‘தற்காலிக ஏற்பாடு, அடுத்த ஸ்பிரிண்டில் மாற்றவும்’ என்று நான்காண்டுகளுக்கு முன் நானே எழுதிய குறிப்பு அதன் தலையில் இன்னும் நிற்கிறது. சென்ற மாதம் புதிய தள்ளுபடி வகை ஒன்றைச் சேர்க்க மூன்று நாள் போதும் என்று சொல்லிவிட்டு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டோம். ஒரே நிபந்தனை ஏழு இடங்களில் நகலெடுத்து ஒட்டப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து சற்றே மாறியிருந்தது.

செயல்பாட்டை மாற்றாமல் நிரலின் உள்ளமைப்பைச் சீர்செய்யும் ரீஃபாக்டரிங் வேலையை ஒவ்வொரு திட்டமிடல் கூட்டத்திலும் முன்வைக்கிறோம். “இதனால் பயனருக்கு என்ன கிடைக்கும்?” என்று, எதை முதலில் செய்வது என்பதை முடிவுசெய்யும் புராடக்ட் ஓனர் கேட்கிறார், நாங்கள் விழிக்கிறோம், வேலை பேக்லாகின் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் 20 சதவீத நேரத்தை இதற்கென்றே கேட்டு வாங்கலாமா?

முதல் பதில்

அவர் கேட்பது நியாயமான கேள்விதான். பதில் உங்கள் கையிலேயே இருந்தும் நீங்கள் அதைச் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது. வைக்யாஷ் என்னும் நிதி மென்பொருளை உருவாக்கிய அனுபவத்தை 1992ஆம் ஆண்டு எழுதிய வார்டு கன்னிங்ஹாம்தான் இப்படித் தள்ளிப்போடும் திருத்தங்களுக்குக் கடன் என்ற உவமையை முதலில் கையாண்டார். முதல் முறை எழுதிய நிரலை வெளியிடுவது கடன் வாங்குவதைப் போன்றது. விரைவில் திருத்தி எழுதிவிட்டால் அந்தச் சிறு கடன் வேலையை வேகப்படுத்தவே செய்யும். திருத்தாமல் விட்ட நிரலோடு மல்லுக்கட்டும் ஒவ்வொரு நிமிடமும் வட்டி என்பதே அவர் சொன்னதன் சாரம். நீங்கள் கூட்டத்தில் அசலைப் பற்றியே, அதாவது திருத்தி எழுத வேண்டிய வேலையைப் பற்றியே பேசுகிறீர்கள். அவருக்குப் புரியக்கூடியது வட்டி. மூன்று நாள் வேலை ஒன்பது நாளானதே, அந்த ஆறு நாள்தான் சென்ற மாத வட்டி. அதை எண்ணாகவே அவர் முன் வையுங்கள்.

அடுத்து, கடந்த ஓராண்டில் எந்தக் கோப்பு எத்தனை கமிட்டுகளில் (சேமித்த மாற்றங்களில்) மாறியது என்று, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாற்றிலிருந்து எண்ணிப் பாருங்கள். மாற்றங்கள் பெரும்பாலும் சில கோப்புகளிலேயே குவிந்திருக்கும். அந்தப் பட்டியலின் மேலே இருப்பவற்றை மட்டும் தொடுங்கள். பார்க்கச் சகிக்காத நிரலாக இருந்தாலும், யாரும் கை வைக்காதவரை அதற்கு வட்டி இல்லை.

20 சதவீத ஒதுக்கீட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. நெருக்கடி வந்ததும் முதலில் வெட்டப்படுவது அதுதான். மிஞ்சும் நேரத்திலும் அவரவர் தமக்குப் பிடித்த மூலையைத்தான் துடைத்துக்கொண்டிருப்பார்கள். தள்ளுபடி சார்ந்த அடுத்த வேலை வரும்போது, அந்த ஏழு இடங்களை ஒன்றாக்குவதையும் அதன் மதிப்பீட்டிலேயே சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் கை வைப்பதற்கு முன், அந்த நிரல் இன்று எதைச் செய்கிறதோ அதை, சரியோ தவறோ, அப்படியே பதிவு செய்யும் டெஸ்ட்களை (சோதனை நிரல்களை) எழுதிக்கொள்ளுங்கள். மாறியிருக்கும் அந்த ஓரிடத்தை யாரேனும் ஒரு வாடிக்கையாளர் நம்பிக்கொண்டிருக்கக்கூடும்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ‘தொடாத நிரலுக்கு வட்டி இல்லை’ என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2003இலேயே பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட ஒரு பகுதியை யாரும் நீக்கவில்லை. அதை இயக்கி வந்த அதே ஃபிளாகை (நிரலுக்குள் ஒரு பகுதியை இயக்கவோ நிறுத்தவோ உதவும் குறி) புதிய வசதிக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய நிரல் ஏற்றப்படாமல் விடுபட்டதால், அதில் பழைய நிரல் உயிர்பெற்று ஆர்டர்களை அனுப்பத் தொடங்கியது. ஏறக்குறைய 45 நிமிடங்களின் விளைவாக ஏற்பட்ட இழப்பு 46 கோடி டாலருக்கும் மேல். அந்த நிரலை அதுவரை எத்தனை ஆண்டுகளாக யாரும் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே, பயன்படாத நிரலை நீக்குவதை உங்கள் குழுவின் ‘முடிந்தது’ என்பதற்கான வரையறையிலேயே சேர்த்துவிடுங்கள். இன்னொன்று, தரவுத்தள அமைப்பை மாற்றுவது, ஆதரவு நின்றுபோன நூலகத்தை (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பு) கைவிடுவது போன்ற வேலைகள் எந்த வசதியின் மதிப்பீட்டுக்குள்ளும் அடங்காது. மறைத்துவைத்துச் செய்யவும் கூடாது. அவற்றைத் தனி வேலையாகவே பேக்லாகில் எழுதி, செய்யாவிட்டால் எது எப்போது நின்றுபோகும் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. கமிட்டுகளை எண்ணிப் பார்த்தோம். பட்டியலில் முதலிடம் தள்ளுபடிக் கோப்புக்குத்தான். ஆறு நாள் கணக்கைக் காட்டியதும், புராடக்ட் ஓனர் முதன்முறையாக, “அடுத்த மாதமும் இப்படித்தான் ஆகுமா?” என்று கேட்டார். அடுத்த தள்ளுபடி வேலையை ஐந்து நாளுக்குப் பதில் எட்டு நாளாக மதிப்பிட ஒப்புக்கொண்டிருக்கிறார். டெஸ்ட்களை எழுதத் தொடங்கியபோது, மாறியிருந்த அந்த ஓரிடம் பிழையல்ல என்பதும் தெரியவந்தது. ரத்து செய்யப்பட்ட பில்லுக்குத் தள்ளுபடியைத் திரும்பக் கணக்கிடும் பொறுப்பு அதற்கு இருந்திருக்கிறது. டெஸ்ட்கள் இல்லையென்றால், கண்ணை மூடிக்கொண்டு ஏழு இடங்களையும் ஒன்றாக்கியிருப்போம்.