பென் டிரைவில் திரும்பத் திரும்ப வரும் ஷார்ட்கட் வைரஸ்

கேள்வி:
அலுவலகக் கணினியில் பென் டிரைவைச் செருகியவுடன் அதிலுள்ள கோப்புறைகள் எல்லாம் ஓரத்தில் அம்புக்குறியுடன் ஷார்ட்கட்டுகளாகிவிடுகின்றன. இருமுறை ஃபார்மட் செய்தும் பழைய கதைதான். என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
வைரஸ் குடியிருப்பது கணினியில். எனவே பென் டிரைவை மட்டும் ஃபார்மட் செய்வது வீண். இவ்வகை வைரஸ்கள் பெரும்பாலும் விபிஎஸ் ஸ்கிரிப்டுகள் (விண்டோஸில் ஓடும் சிறு கட்டளை நிரல்கள்). டாஸ்க் மேனேஜரில் அவற்றை இயக்கும் 'டபிள்யூஸ்கிரிப்ட்' (wscript.exe) ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்அப் கோப்புறையிலும் ரெஜிஸ்ட்ரியின் (விண்டோஸ் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம்) 'ரன்' பகுதியிலும் வைரஸ் விட்டுவைத்துள்ள பதிவுகளை நீக்காதவரை, கணினியைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அது உயிர்பெறும்.

மறுமொழி 2:
ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கத் தயங்கினால் (தயங்குவதே நல்லது), விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் உள்ள டிஃபெண்டர் (விண்டோஸுடனேயே வரும் வைரஸ் தடுப்பு நிரல்) ஆஃப்லைன் ஸ்கேனை இயக்குங்கள். விண்டோஸ் முழுமையாகத் தொடங்குவதற்கு முன்பே சோதிப்பதால், வைரஸ் ஒளிந்துகொள்வது கடினம். சுமார் 15 நிமிடங்கள் ஆகும்.

மறுமொழி 3:
இனி ஃபார்மட் செய்யாதீர்கள். கோப்புகள் அழிவதில்லை, மறைக்கப்படுகின்றன. எக்ஸ்புளோரரில் மறைந்த கோப்புகளைக் காட்டுமாறு அமைத்தால் மட்டும் போதாது. அவை சிஸ்டம் கோப்புகளாகவும் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் தேர்வையும் நீக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
ஸ்டார்ட்அப்பில் பொருளற்ற எழுத்துகளைப் பெயராகக் கொண்ட கோப்பு ஒன்று இருந்தது. நீக்கிவிட்டு, ஆஃப்லைன் ஸ்கேனைத் தொடங்கியுள்ளேன்.