மறு: ‘நீரழுத்தம்’ வேண்டாம், வேறு சொல் பார்ப்போம்

குழுவினருக்கு வணக்கம். நம் கையேட்டின் கலைச்சொற்கள் பற்றிக் குழுவில் வந்த கேள்விகளை மேற்கோளாகப் போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

> பூ எடுப்பதற்காகத் தண்ணீரை நிறுத்தி வைப்பதற்கு ஒரு கலைச்சொல் தேவை. இப்போதைக்கு ‘நீரழுத்தம்’ என்று போட்டிருக்கிறேன். குண்டுமல்லி, எலுமிச்சை இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

முதலில் ‘நீரழுத்தம்’. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மாடிக் குழாயில் தண்ணீர் வேகமாக வருகிறதா என்று பார்க்கும் பிளம்பர் சொல் அது. ஆங்கிலத்தில் இதை ‘வாட்டர் ஸ்ட்ரெஸ்’ என்பார்கள். ‘ஸ்ட்ரெஸ்’ என்று கண்ணில் பட்டதும் மன அழுத்தத்தின் பழக்கத்தில் கை தானாக ‘அழுத்தம்’ என்று எழுதிவிடுகிறது. மரத்துக்குச் சொட்டுத் தண்ணீர் விடாமல் வைத்திருக்கும்போது அதற்கு நீரழுத்தம் என்று பெயர் வைத்தால், கையேட்டைப் படிப்பவர் மோட்டாரைப் போட்டுவிட்டு வருவார்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். இரண்டு செடிக்கும் ஒரு சொல் போதுமா? போதாது என்பது என் கட்சி. அதைப் பாடுபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் கொல்லையில் மல்லியும் எலுமிச்சையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒரு வருடம் மல்லியைக் கவாத்து செய்த கையோடு, அதே கத்தரியால் எலுமிச்சையையும் மொட்டையடித்தேன். மல்லி பங்குனியில் பூத்துக் குலுங்கியது. எலுமிச்சை, விரல் நீள முள்ளோடு செங்குத்தாக நாலைந்து போத்துகளை, அதாவது காய்க்காத வீரியக் கிளைகளை, விட்டது. அதற்கப்புறம் இரண்டு வருடம் ஊறுகாய்க்குக் கடையில்தான் பழம் வாங்கினோம்.

காரணம் எளிது. மல்லி புதுத்துளிரின் நுனியில் பூக்கும். நிறையத் துளிர் வந்தால் நிறையப் பூ. அதனால்தான் நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் விட்டு மீதியை வெட்டித் தள்ளுகிறார்கள். அதற்கு முன்னால் தண்ணீரை நிறுத்துவதும் உண்டுதான். ஆனால் அது வெட்டுக்கு முன்னேற்பாடு, பூவை வரவழைப்பது கத்தரி. தை மாதத்தில் மல்லி கிலோ ஆயிரம், இரண்டாயிரம் என்று ஏறும்போது பூ வேண்டும் என்பவர்கள்கூடக் கவாத்தைத்தான் செப்டம்பருக்கு முன்தள்ளிப் பார்க்கிறார்கள்.

எலுமிச்சைக் குடும்பத்தில் கதை வேறு. அங்கே பூமொட்டு உருவாவதற்கு மரத்தின் வளர்ச்சி கொஞ்ச காலம் நிற்க வேண்டும். குளிர் நாடுகளில் பனிக்காலம் அதைச் செய்துவிடும். நம்முடையதைப் போன்ற வெப்பமான இடங்களில் வறட்சிதான் செய்ய வேண்டும். மரம் தானாக ஓயாவிட்டால் நாம் ஓய வைக்கிறோம். மண்ணைப் பொறுத்து மூன்று வாரமோ ஆறு வாரமோ தண்ணீரை நிறுத்திவிட்டு, இலை வாடி உதிரத் தொடங்கியதும் எருவிட்டு மறுபடி தண்ணீர் காட்டுவார்கள். கத்தரிக்கு இங்கே வேலை குறைவு. காய்ந்த குச்சி, போத்து, ஒன்றோடொன்று உரசும் கிளை, இவற்றை எடுத்தால் போதும்.

ஆக, மல்லிக்குக் ‘கவாத்து’ ஏற்கெனவே இருக்கிறது. போலீஸ் கவாத்தோடு குழம்பாது, பயப்பட வேண்டாம். எலுமிச்சைக்குத்தான் சொல் தேட வேண்டும்.

> ‘பூத்தூண்டல்’ என்று பொதுவாக வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் மேலே ஒரு குடையாக மட்டும். மகாராஷ்டிரத்தில் எலுமிச்சைக்கு ஹஸ்த பஹார், அதாவது செப்டம்பர்-அக்டோபரில் பூக்கும் சுற்று, எடுக்க மழைக்காலத்திலேயே மரத்தைக் காய வைக்க வேண்டும். மழையை யார் நிறுத்துவது? அதனால் வளர்ச்சியை மட்டுப்படுத்தும் மருந்தை அடிக்கிறார்கள். அதுவும் பூத்தூண்டல், மல்லிக் கவாத்தும் பூத்தூண்டல். எதற்காகச் செய்கிறோம் என்பதை இந்தச் சொல் சொல்கிறது, என்ன செய்வது என்பதைச் சொல்லவில்லை. கையேடு வாசிப்பவருக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம் போனில் கேட்டேன். “ரெண்டு தண்ணிய நிப்பாட்டிக் காய விடுவோம்” என்றார். அவ்வளவுதான். நெல்லில் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். நிலம் காய்வதும் பிறகு தண்ணீர் பாய்வதும் அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிட்டன. இத்தாலியின் சிசிலித் தீவில் எலுமிச்சங்காய்க்கு இதே வேலையைக் கோடையில் செய்கிறார்கள். அடுத்த கோடைக்குப் பச்சைக் காய் கிடைக்கும். அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘சேக்கா’, வறட்சி என்று பொருள். அங்கும் உழவர் சொல்தான் நிலைத்திருக்கிறது.

ஆனால் ‘காய்ச்சல்’ என்று தனியாக எழுதினால் பாராசிட்டமால் நினைவுக்கு வரும். ‘பூக்காய்ச்சல்’ இன்னும் மோசம், மகரந்தம் பட்டுத் தும்முகிறவர் வந்து நிற்பார். எனவே என் பரிந்துரை ‘காயவிடல்’. வினையாக ‘காயவிடு’. ‘மரத்தை நான்கு வாரம் காயவிடவும்’ என்று எழுதிப் பாருங்கள், யாரும் அகராதி தேட மாட்டார்கள். சேர்த்து எழுத வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். அச்சில் அகரத்தை விட்டுவிட்டு ‘காய் விடல்’ ஆக்கினால் நேர் எதிர்ப்பொருள். காய்ந்த மரமும் காய்த்த மரமும் ஓரெழுத்து தூரம்தான்.

‘நீர்ப்பட்டினி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கும் சபலம்தான். ஆனால் பட்டினியில் எல்லை தெரியவில்லை. எவ்வளவு நாள் போட்டாலும் பட்டினிதான். இங்கே அளவு மீறினால் கிளையே காய்ந்துவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, ‘பஹார்’. பாரசீகத்தில் வசந்தம். பூத்துக் காய்க்கும் ஒரு சுற்றையே அந்தப் பெயரில் குறிக்கிறார்கள்: அம்பே பஹார் சனவரி-பிப்ரவரியில், மிருக் பஹார் சூன்-சூலையில், ஹஸ்த பஹார் செப்டம்பர்-அக்டோபரில். பின்னிரண்டும் நம் மிருகசீரிடமும் அத்தமுமேதான், ஞாயிறு அந்த நட்சத்திரத்தில் நிற்கும் பொழுது. பஹாருக்கு ‘பூப்பு’ என்று ஒருவர் முன்மொழிந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ‘மிருகசீரிடப் பூப்பு’ என்றால் மஞ்சள் நீராட்டு விழா எங்கே என்று கேட்பார்கள். ‘போகம்’ இருக்கிறதே! முதல் போகம், இரண்டாம் போகம் என்பதுபோல மிருகசீரிடப் போகம், அத்தப் போகம். அம்பே மட்டும் மாம்பூவால் வந்த பெயர், அதை ‘மாம்பூப் போகம்’ என்னலாம்.

இனி எனக்கு விடை தெரியாத இடம். காயவிட்ட மரத்துக்கு முதலில் கொஞ்சமாகத்தான் தண்ணீர் காட்ட வேண்டும். ஒரேயடியாகப் பாய்ச்சினால் வந்த பூவும் உதிர்ந்துவிடும். அந்த முதல் சிறு தண்ணீருக்கு என்ன பெயர்? ‘உயிர்த்தண்ணீர்’ என்று எழுதிவிட்டு அழித்தேன். அது நட்ட மூன்றாம் நாள் விடும் தண்ணீருக்கு ஏற்கெனவே ஆகிவிட்டது. சித்தப்பா வெறுமனே “நனைச்சு விடுவோம்” என்கிறார். ‘நனைப்பு’ போதுமா, அல்லது உங்கள் பக்கம் வேறு சொல் புழங்குகிறதா?