இரண்டாவது பிரசவம்: உடல் முந்திக்கொள்ளும், ஏற்பாடும் முந்த வேண்டும்

பிரசவ அறைச் செவிலியர்:

இரண்டாவது பிரசவத்துக்கு வருகிறவர்களில் பலர் முதல் பிரசவத்தின் நேரக் கணக்கை மனதில் வைத்திருப்பார்கள். "போன தடவை ராத்திரி வலி எடுத்து மறுநாள் சாயங்காலம்தான் பிறந்தது, இப்பவே போய் என்ன செய்யப் போறோம்" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அவர்கள் வந்து சேரும்போது கருப்பை வாய் முழுதாகத் திறந்திருக்கும். வலி குறைக்கும் மருந்துக்கு நேரமிருக்காது. பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றக்கூடிய பி குரூப் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருப்பதாகத் தெரிந்தவர்களுக்குக் குழந்தை பிறப்பதற்கு 4 மணி நேரம் முன்பாவது ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும், அதுவும் தவறிப்போகும்.

முதல் பிரசவத்தில் கருப்பை வாய் பெரும்பாலும் முதலில் மெலிந்து, பிறகுதான் திறக்கும். இரண்டாவதில் மெலிவதும் திறப்பதும் ஒன்றாகவே நடக்கும். வலி சீராகப் பிடித்தபின் முதல் பிரசவத்துக்குச் சராசரியாக 8 மணி நேரம் ஆகிறது என்றால், அடுத்ததற்கு 5 மணி நேரம். சராசரி என்பதால் 2 மணி நேரத்தில் முடிகிறவர்களும் அதில் இருக்கிறார்கள். முக்கும் கட்டம் இன்னும் சுருங்கிவிடும். சிலருக்கு நாலைந்து முக்கலில் குழந்தை வந்துவிடுகிறது.

அதனால் 5 நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் 1 நிமிடம், அது 1 மணி நேரம் நீடித்தால் கிளம்பு என்ற கணக்கை இந்த முறை நம்ப வேண்டாம். அது முதல் பிரசவத்துக்குச் சொல்வது. இடைவெளி 8, 10 நிமிடமாக இருந்தாலும், வலி சீராக வந்து ஒன்றைவிட அடுத்தது கூடிக்கொண்டே போனால் புறப்படுங்கள். மருத்துவமனை தூரமென்றால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். போன பிரசவம் மொத்தமே 3 மணி நேரத்துக்குள் முடிந்திருந்தால் அதை 36 வாரத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி, எப்போது வர வேண்டும் என்று தனியாகக் கேட்டு வையுங்கள்.

பொய் வலியும் இந்த முறை அதிகம், சீக்கிரமும் தொடங்கும். சிறுநீர் கழித்துவிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, ஒருக்களித்துப் படுங்கள். ஒரு மணி நேரத்தில் அடங்கினால் அது பொய் வலி. 37 வாரம் முடியாதவர்கள் இப்படிச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். வலி சீராக வந்தாலே போய்க் காட்டுங்கள்.

பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும். காரணம் இருக்கிறது. முதல் பிரசவத்தில் குழந்தையின் தலை சில வாரங்களுக்கு முன்பே இடுப்பெலும்புக்குள் இறங்கிப் பொருந்தியிருக்கும். இரண்டாவதில் வலி பிடிக்கும்வரை மேலேயே நிற்பது சகஜம். தலை பொருந்தாத நிலையில் நீர் வேகமாக வெளியேறினால், அதோடு தொப்புள் கொடி முன்னால் நழுவி வந்துவிடலாம். பிறப்புறுப்பில் கொடி தட்டுப்பட்டால் அதைத் தொடவோ உள்ளே தள்ளவோ கூடாது. முழங்காலிட்டு, மார்பைத் தரையோடு வைத்து, இடுப்பை உயர்த்திய நிலையில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. அதைப் போனதும் முதலில் சொல்லுங்கள்.

வழியிலேயே குழந்தை வந்துவிட்டால் வண்டியை ஓரம் கட்டுங்கள். காலைச் சேர்த்து இறுக்கிப் பிடிக்க வேண்டாம். குழந்தையை இழுக்காமல், வருவதைக் கையில் தாங்குங்கள். துணியால் நன்றாகத் துடைத்து, தாயின் வெற்று மார்பில் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். கொடியை அறுக்கவோ இழுக்கவோ கூடாது. அந்த நேரத்தில் குழந்தை குளிர்ந்துபோவதுதான் பெரிய ஆபத்து. அதனால் துடைத்துப் போர்த்துவதே முதல் வேலை.

இரண்டு குழந்தைகளின் தாய்:

சிஸ்டர் சொன்ன வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போவது பெரும்பாலும் மூத்த குழந்தையால்தான். நடுராத்திரி வலி எடுத்தால் அதை யாரிடம் விடுவது என்று முடிவாகாத வீட்டில் அரை மணி நேரம் போனிலேயே கழிந்துவிடும். 36 வாரத்துக்குள் இரண்டு பேரைப் பேசி வையுங்கள். அதில் ஒருவர் 20 நிமிடத்தில் வந்து சேரக்கூடியவராக இருக்க வேண்டும். இருவரிடமும் வீட்டுச் சாவி இருக்கட்டும். தூங்கும் நேரம், எந்த உணவு ஒவ்வாது, காய்ச்சல் வந்தால் எடைக்கு ஏற்ற மருந்தளவு எவ்வளவு, எந்தத் துணி இல்லாமல் தூங்காது என்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

அதைவிட முக்கியம், அம்மா இல்லாமல் தூங்கும் பழக்கம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர், பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே வாரத்தில் இரண்டு இரவாவது அதைத் தூங்க வைக்கட்டும். கழிப்பறைப் பழக்கம், தொட்டிலிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவது, பள்ளியில் சேர்ப்பது, பால் மறக்கடிப்பது ஆகியவற்றைப் பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள், அல்லது பிறந்து மூன்று மாதம் கழித்துத் தொடங்குங்கள். நடுவில் செய்தால் பாப்பா வந்ததால் தன் இடம் போனது என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும்.

கேள்வி:

சிஸ்டர், முதலாவது சிசேரியன் ஆனவர்களும் வலி வரும்வரை காத்திருக்கலாமா? தாயின் ரத்த வகை ஆர்எச் நெகட்டிவ் என்றால் இரண்டாவதுக்குத்தான் பயப்பட வேண்டும் என்கிறார்களே, அது எதனால்?

பிரசவ அறைச் செவிலியர்:

கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறியிருந்தால் பலர் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். வெளியே வயிற்றில் தெரியும் தழும்பைப் பார்த்து உள்ளே எப்படிக் கீறினார்கள் என்று சொல்ல முடியாது. அறுவைக் குறிப்பில்தான் இருக்கும். அந்தக் காகிதத்தை இப்போதே தேடி எடுங்கள். இப்படி முயல்கிறவர்களில் 100க்கு 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. முன்பே ஒரு சுகப்பிரசவம் ஆகியிருந்தால் அது 85 முதல் 90. பழைய தையல் பிரியும் ஆபத்து சுமார் 200ல் ஒருவருக்கு. இரண்டு பிரசவங்களுக்கு நடுவே ஒன்றரை வருடம்கூட இல்லையென்றால் அது கூடும். ஆகவே இவர்கள் வீட்டில் வலி தாங்கிக் காத்திருக்கக் கூடாது. ஒரு வலி விட்டு அடுத்தது வருவதற்கு நடுவிலும் தழும்புப் பக்கம் விடாமல் வலிப்பது, ரத்தம் போவது, வந்துகொண்டிருந்த வலி திடீரென நிற்பது, இவை மூன்றும் அவசரம். நஞ்சுக்கொடி பழைய தழும்பின்மேல் ஒட்டியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆர்எச் விஷயம் இதுதான். முதல் பிரசவத்தின்போது பாசிட்டிவ் குழந்தையின் ரத்தம் சிறிது தாயின் ரத்தத்தில் கலந்தால், தாயின் உடல் அதை எதிர்க்கப் பழகிக்கொள்ளும். அதற்குள் முதல் குழந்தை பிறந்துவிடுவதால் பொதுவாக அதற்குப் பாதிப்பில்லை. அடுத்ததும் பாசிட்டிவாக இருந்தால் அந்த எதிர்ப்பு நஞ்சுக்கொடியைக் கடந்துபோய் அதன் சிவப்பணுக்களை அழிக்கும். தாயின் ரத்தத்தில் அந்த எதிர்ப்பு உருவாகியிருக்கிறதா என்று காட்டும் மறைமுக கூம்ஸ் பரிசோதனையைக் கர்ப்பத் தொடக்கத்திலும் 28வது வாரத்திலும் செய்கிறார்களா என்று கேளுங்கள். எதிர்ப்பு உருவாகாதவர்களுக்கு 28 வாரத்தில் அதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி, குழந்தை பாசிட்டிவ் என்றால் பிறந்து 72 மணி நேரத்துக்குள் மறுபடியும் ஒன்று. நடுவில் கருச்சிதைவு ஆகியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எதிர்ப்பு உருவான பிறகு அந்த ஊசியால் பயனில்லை.

தாய்ப்பால் ஆலோசகர்:

பிரசவம் முடிந்ததும் யாரும் சொல்லி வைக்காத ஒன்று, பால் கொடுக்கும்போது அடிவயிற்றைப் பிழியும் வலி. முதல் குழந்தைக்குப் பெரிதாகத் தெரிந்திருக்காது. ஒரு முறை விரிந்த கருப்பைத் தசை தளர்ந்திருப்பதால், விட்டு விட்டு இறுகிச் சுருங்குகிறது. குழந்தை சப்பும்போது சுரக்கும் ஆக்சிடோசின் அதைக் கூட்டும். முதல் 2, 3 நாள் கடுமையாக இருந்து ஒரு வாரத்துக்குள் ஓய்ந்துவிடும். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்பும் சிறுநீர் கழித்துவிடுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பையை ஒதுக்கித் தள்ளிச் சுருங்கவிடாது. வலியும் கூடும், ரத்தப்போக்கும் கூடும். மருத்துவர் அனுமதித்தால் பால் கொடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு ஐபுப்ரோஃபென் போடலாம். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு அது ஏற்றதுதான், வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு ஆகாது. மணிக்கு ஒரு பேட் முழுதாக நனைவது, முட்டை அளவுக்கு மேல் ரத்தக்கட்டி விழுவது, தலைசுற்றல், இதில் எது வந்தாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பால் இந்த முறை பெரும்பாலும் சீக்கிரமே கட்டும். ஆனால் "எனக்குத்தான் தெரியுமே" என்று மார்பில் பிடிக்க வைப்பதைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் உண்டு. உங்களுக்குப் பழக்கம், குழந்தைக்குப் புதிது. வாய் அகலத் திறந்து, மோவாய் மார்பில் அழுந்தி, கீழ் உதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். சப்பி முடித்த காம்பு ஒரு பக்கம் நசுங்கிச் சரிவாகத் தெரிந்தால் பிடி சரியில்லை. பால் பீய்ச்சி வந்து குழந்தை இருமினால், பின்னால் சாய்ந்து படுத்து, குழந்தையை உங்கள்மேல் கவிழ்த்துப் போட்டுக் கொடுங்கள்.

மூத்ததும் இன்னும் பால் குடிக்கிறதென்றால் நிறுத்த வேண்டிய கட்டாயமில்லை. சீம்பால் நாட்களில் சின்னதுக்கு முதலில், பிறகுதான் பெரியதுக்கு. சீம்பால் குடித்த மூத்ததுக்கு மலம் இளகிப்போகும், அது நோயல்ல. போதுகிறதா என்பதை டயப்பரில் பாருங்கள்: முதல் நாள் 1 ஈரம், இரண்டாம் நாள் 2, அப்படியே ஏறி 6ம் நாளிலிருந்து தினம் 6 அல்லது அதற்கு மேல். எடை 10 சதவீதம் வரை குறையலாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும்.

குழந்தைகள் பிரிவுச் செவிலியர்:

முதல் குழந்தைக்கு மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கில் வைத்திருந்தால் வீட்டுக்குக் கிளம்பும் முன் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அடுத்ததற்கும் வரும் வாய்ப்பு அதிகம். பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் உடனே ரத்தப் பரிசோதனை. பொதுவாக உச்சத்துக்கு வருவது 3 முதல் 5 நாளில், அதாவது நீங்கள் வீடு வந்த பிறகு.

முதல் குழந்தை வெளியாட்களிடமிருந்து ஒதுங்கி வளர்ந்தது. இரண்டாவதுக்கு அந்த வசதி இல்லை. சளியைப் பள்ளியிலிருந்து கொண்டுவருகிறவர் வீட்டிலேயே இருக்கிறார். பெரியவருக்குச் சாதாரணச் சளியாக இருப்பது சின்னதுக்கு மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம். கக்குவான் இருமல் தடுப்பூசி முந்தைய கர்ப்பத்தில் போட்டிருந்தாலும் இந்தக் கர்ப்பத்திலும் போட வேண்டும். 27 முதல் 36 வாரத்துக்குள் போட்டால் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போகும். மூத்ததின் தடுப்பூசிகளில் பாக்கி இருந்தால் பிரசவத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். பள்ளி விட்டு வந்ததும் 20 வினாடி சோப்புப் போட்டுக் கை கழுவி, உடை மாற்றட்டும். முத்தம் கொடுக்க ஆசைப்படும், தடுக்காதீர்கள். முகத்திலும் கையிலும் வேண்டாம், பாதத்தில் கொடுக்கட்டும். கையை வாயில் வைக்கும், பாதத்தை வைக்க இன்னும் மாதங்கள் இருக்கின்றன. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் அப்போதே காட்ட வேண்டும்.

மூத்ததையும் சின்னதையும் ஒரே படுக்கையில் போட வேண்டாம். மல்லாக்கப் படுக்க வைத்து, கெட்டியான மெத்தை, தலையணை இல்லாமல். சோர்ந்துபோய் சோபாவில் குழந்தையோடு கண்ணயர்வதுதான் மிகப் பயங்கரம்.

இரண்டு குழந்தைகளின் தாய்:

வீட்டு விஷயம் கொஞ்சம் சேர்க்கிறேன். மூத்தது முதல்முதலாகப் பார்க்க வரும்போது பாப்பா தொட்டிலில் இருக்கட்டும், உங்கள் கை காலியாக இருக்கட்டும். முதலில் அதைக் கட்டிக்கொள்ளுங்கள், பிறகு இருவருமாகப் போய்ப் பாப்பாவைப் பாருங்கள்.

சிசேரியன் என்றால் சுமார் 6 வாரம், மருத்துவர் சரி சொல்லும்வரை, பாப்பாவைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. மூத்ததைத் தூக்க முடியாது என்று சொன்னால் அது புரிந்துகொள்ளாது. நீங்கள் உட்கார்ந்துகொண்டு, அது தானாக ஏறி வர ஒரு முக்காலி போடுங்கள். வயிற்றின்மேல் ஒரு தலையணை, பக்கவாட்டில் உட்காரட்டும். குளியல், கார் இருக்கையில் ஏற்றுவது இரண்டையும் வேறு யாராவது செய்யட்டும்.

பால் கொடுக்கும் நேரத்தில்தான் மூத்தது எதையாவது இழுத்துப் போடும். புதிதாகப் பிறந்தது 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்கும் என்பதால் அத்தனை முறையும் இது நடக்கும். பால் கொடுக்கும்போது மட்டும் வெளியே வரும் ஒரு பெட்டி வையுங்கள்: ஸ்டிக்கர், படப் புத்தகம், களிமண். முடிந்ததும் மூடி எடுத்து வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் நாலு நாளில் அலுத்துவிடும். உட்காரும் முன் அதற்குத் தண்ணீர், தீனி, கழிப்பறை மூன்றையும் முடியுங்கள். அறைக் கதவைச் சாத்திவிடுங்கள். மறுபடி ஜட்டியில் போவது, பாட்டில் கேட்பது, மழலையில் பேசுவது எல்லாம் வரும். திட்டாமல் விட்டால் சில வாரங்களில் தானே போகும். அடிப்பதை மட்டும் கையைப் பிடித்து நிறுத்துங்கள். 3 வயதுக்கு உட்பட்டதைப் பாப்பாவோடு ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். அன்பாகத் தூக்கப் பார்த்தே கீழே போட்டுவிடும்.

பழைய சாமான்களை அப்படியே எடுத்துப் போடாமல் சோதியுங்கள். கார் இருக்கையின் அடியில் காலாவதி தேதி அச்சிட்டிருக்கும். விபத்தில் சிக்கியதென்றால் தேதி இருந்தாலும் கூடாது. தொட்டில் கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் இருந்தால் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். பால் பம்பு "இழுக்கவில்லை" என்று மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் சின்ன சிலிக்கோன் வால்வை மாற்றிப் பாருங்கள். பழையது தளர்ந்து காற்று விட்டுவிடும். ஒரு வால்வு கூடுதலாக வாங்கிப் பிரசவப் பையிலேயே போட்டு வையுங்கள்.