மீன் மூக்கும் துத்தநாகப் புள்ளியும்: நம் கரைக்கு வருமா?

பாம்பன்கரை:
நேற்று ஏலத்தில் அம்மாச்சி ஒரு நகரை மீனின் செவுளைத் தூக்கி மூக்கருகே வைத்துவிட்டு, “பழசு” என்று தள்ளிவிட்டார். மீன் கெடாமல் இருக்க ஃபார்மலின் என்ற ரசாயனம் போட்டிருந்தால் அந்த மூக்கும் ஏமாறியிருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் சென்சாரை துத்தநாக ஆக்சைடால் செய்யலாம். அதன் குவாண்டம் புள்ளிகள் என்கிற குறைகடத்தித் துகள்கள் சில நானோமீட்டர் அளவுதான்; அவற்றின் மேல் ஒட்டிய ஆக்சிஜன் எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கும், கெட்ட மீனின் அம்மோனியாவோ ஃபார்மலின் ஆவியோ பட்டதும் விட்டுவிடும், மின்தடை குறையும். ஒளி பட்டால் இதே புள்ளிகள் புற்றுச் செல்லையும் கொல்லும். இங்கே கொண்டுவர ஏன் தயக்கம்?

தொண்டி வாத்தியார்:
தம்பி, நீங்கள் சொல்வதிலேயே சிக்கல் இருக்கிறது. இரண்டுக்கும் மின்தடை குறைகிறது என்றால் எது அம்மோனியா, எது ஃபார்மலின்? போதாததற்கு நம் உப்புக்காற்றின் ஈரமும் அதே புள்ளி மேல்தான் போய் ஒட்டும். ஐஸ் பெட்டியைத் திறந்ததும் கிளம்பும் ஆவியில் அளவே தடுமாறிவிடும். அப்புறம் புற்று. துத்தநாக ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி, அதாவது அதன் எலக்ட்ரானைக் கிளப்ப ஒளி தர வேண்டிய ஆற்றல், 3.37 எலக்ட்ரான் வோல்ட்; அதற்குப் புற ஊதா ஒளி வேண்டும். அது தோலுக்குள் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. கல்லீரலில் கட்டியோடு மதுரைக்கு பஸ் ஏறுகிறவரிடம் இதைச் சொல்லலாமா?

பாம்பன்கரை:
கல்லீரலை நான் சொல்லவே இல்லை சார். புகையிலை மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்துக்குள் வருகிறதே, அங்கே ஒளி நேராகப் படும். ஈரத்துக்கு சென்சாரைச் சூடாக்கலாம், பக்கத்தில் ஈரப்பதமானி வைத்துக் கழிக்கலாம்.

தொண்டி வாத்தியார்:
ஈரம் சரி, சமாளிக்கலாம். வாய்ப்புற்றில்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒளிச் சிகிச்சை ஏற்கெனவே இருக்கிறது, அதற்கான போட்டோஃபிரின் என்ற மருந்து 1993இல் கனடாவில் அனுமதி பெற்றது, அதற்கு 630 நானோமீட்டர் சிவப்பு ஒளி போதும். உங்கள் புள்ளியோ செல்லுக்குள் அமிலம் உள்ள இடத்தில் கரைந்து துத்தநாக அயனியைக் கொட்டும். விளக்கே போடாமல் நல்ல செல்லையும் கொன்றால் ஒளியால் என்ன பயன்?

பாம்பன்கரை:
கரைவதால்தான் காட்மியம் புள்ளியைவிட இது மேல் என்று நினைக்கிறேன், காட்மியம் உடம்பில் வருடக்கணக்கில் தங்கும். ஆனால் இருட்டில் கொல்வது பற்றி நீங்கள் சொன்னது நியாயம், அதற்கு மேல்பூச்சு கிடைக்கும்வரை சிகிச்சைப் பேச்சை நானும் விடுகிறேன். மீனை விட மாட்டேன். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும், விசைப்படகு 61 நாள் கரையில் நிற்கும், வெளியூர் ஐஸ் மீன்தான் அதிகம் வரும். அப்போது ஒரே மீனை அம்மாச்சியிடமும் சென்சாரிடமும் காட்டிப் பார்ப்போம், நீங்களும் வாருங்கள் சார்.